கொள்ளுப் பாட்டியின் பெயர்

சென்ற கார்த்திகையில் என் அறைத்தோழன் தன் பாட்டனாரின் அஸ்தியைக் கரைக்க ஹரித்துவாரம் புறப்பட்டான். அவன் கர்னால் பக்கத்துக்காரன். தகப்பனாருக்கு உடல்நலம் இல்லாததால் அவனே போக வேண்டியதாயிற்று. "தனியாகப் போக மனம் இல்லை, நீயும் வா" என்றான். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயினும், ஈராண்டாக ஒரே அறையில் படுத்தெழுந்தவன் அழைக்கும்போது தேர்வைக் காரணம் காட்டுவது எப்படி? இரவு பஸ் ஏறினோம். விடியுமுன் கங்கைக் கரையில் நின்றோம்.

அங்கே கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹரித்துவாரத்தில் யார் வேண்டுமானாலும் யாருக்கும் சடங்கு செய்துவிட முடியாது. இன்ன மாவட்டத்து, இன்ன ஊர்க்காரருக்கு இன்ன பண்டா என்று வழிவழியாக வகுத்திருக்கிறார்கள். ஊரையும் குலத்தையும் சொன்னால் உரிய பண்டாவின் வாசலில் கொண்டுபோய் விடுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு கிழவர். அவர் உள்ளே போய், சிவப்புத் துணியில் கட்டிய நீண்ட ஏடொன்றைத் தோளில் சுமந்து வந்தார். பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருந்தார். 'பஹி' என்று பெயர். பிரித்துப் புரட்டி, விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். என் நண்பனின் பாட்டனார், தம் தகப்பனாரின் அஸ்தியோடு அங்கே வந்த நாளில் போட்ட கையெழுத்து அது. அதற்கு மேல் அவருடைய தகப்பனார். அவர் வந்தபோது உடன் வந்த தம்பிமார். யாருக்கு எத்தனை பிள்ளைகள். கிழவர் படித்துக்கொண்டே போனார். ஏழு தலைமுறை! என் நண்பன் முரடன்; ஆக்கிப் பந்தாட்டத்தில் முட்டி உடைந்தபோதுகூட அழாதவன். அந்தக் கையெழுத்தைத் தொட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

பிறகு, பாட்டனாரின் மறைவையும் புதிதாகப் பிறந்தவர்களையும் எழுதச் சொன்னான். தன் தங்கையின் பெயரையும் எழுத வேண்டும் என்றான். பெண் பிள்ளைகளை எழுதும் வழக்கம் இல்லை என்றார் கிழவர். "எழுதாவிட்டால் நானும் கையெழுத்துப் போடேன்" என்றான் இவன். சற்றே தயங்கி, எழுதிக்கொடுத்தார். அந்த ஏட்டில் பெண்ணொருத்தி 'இன்னாரின் மனைவி' என்ற ஒட்டு இல்லாமல் நுழைந்தது அதுவே முதல் தடவையாக இருந்தாலும் இருக்கும்.

வேலை முடிந்ததும் கிழவர் என் பக்கம் திரும்பினார். "மதராஸியா? உங்கள் ஏடு என்னிடம் இராது. இருந்தாலும் சொல், உன் முன்னோர் யார் யார்?" தகப்பனார் பெயர் சொன்னேன். பாட்டனார் பெயர் சொன்னேன். பாட்டனாரின் தகப்பனார் பெயரும் தெரியும். அது என் அண்ணனுக்கு இட்ட பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ அன்றோ? பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். அந்தப் புண்ணியத்தில் மூன்று தலைமுறை தப்பியது. "பெண்கள்?" என்றார். தாயின் பெயர் சொன்னேன். ஆச்சியின் பெயர் சொன்னேன். அவ்வளவுதான். ஆச்சியின் மாமியார் யார்? தெரியவில்லை. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று சொல்லுக்குப் பஞ்சமில்லாத மொழி நம் மொழி; ஆளைக் கேட்டால் வாய் மூடிக்கொள்கிறோம். தகப்பன் பெயரையே ஓர் எழுத்தாகச் சுருக்கி, புள்ளி வைத்து, முன்னால் ஒட்டிக்கொள்கிறவர்கள் அல்லவா நாம்!

அந்தப் பண்டாக்களின் ஏடுகள் பாகப்பிரிவினை வழக்குகளில் சான்றாக நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள குலமரபுச் சங்கம் ஒன்று 1970களின் பிற்பகுதி முதல் இவற்றைப் படச்சுருளில் பிடித்து வைத்திருக்கிறது. எங்கோ இருப்பவனுக்கு இதன் அருமை தெரிந்திருக்கிறது என்று வழக்கம்போல் பெருமூச்சு விட நான் இதைச் சொல்லவில்லை. நம்மிடம் இருப்பது என்ன என்று தேடிப் பார்த்தேன். அதைச் சொல்லப் போகிறேன்.

திரும்பி வந்ததும் ஆச்சிக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஆச்சி, உன் மாமியார் பேர் என்ன?" மறுமுனையில் சிரிப்பு. "அத்தை பேரை மருமக சொல்லலாமாய்யா? அத்தைன்னு கூப்பிட்டதோட சரி." எத்தனை கெஞ்சியும் சொல்லவில்லை. மரியாதை என்று நாம் போற்றும் வழக்கம் ஒரு மனுஷியின் பெயரையே உலகத்திலிருந்து துடைத்துவிடுகிறது.

பொங்கலுக்கு ஊர் போனேன். எங்கள் ஊர் பொருநைக் கரையில் இருக்கிறது. பாட்டனார் வீடு பழைய வீடு. தெருவைப் பார்த்துத் திண்ணை, உள்ளே தார்சா, அதைத் தாண்டிப் பட்டாசல், அப்புறம் அரங்கு வீடு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே நேர்கோட்டில் நீளும். வாசலில் நின்று பார்த்தால் புறவாசல் கிணற்றடித் துவைகல் தெரியும். பட்டாசலின் மேற்கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கைகள். சுவருக்குச் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசியிருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் குளிரும். அரங்கு வீட்டில் ஆள் உயரத்திற்கு ஒரு நெல் குலுக்கை. அதன் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியில்தான் அகப்பட்டது.

ஓர் ஒற்றிப் பத்திரம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்த முத்திரைத்தாள். 'இன்னார் பெண்சாதி, மைனர் இன்னாருக்குக் கார்டியன் தாயார்' என்று தொடங்குகிறது. அந்த மைனர் என் பாட்டனார். அந்தத் தாயார்தான் நான் பெயர் தெரியாமல் தலைகுனிந்த என் கொள்ளுப் பாட்டி. கணவன் இறந்து, கைப்பிள்ளையோடு நின்றவள், ஒன்பது மரக்கால் விதைப்பாட்டு நன்செய்யை ஒற்றி வைத்திருக்கிறாள். கீழே இடக்கைப் பெருவிரல் ரேகை. பின்பக்கம் வேறு மையில், ஆறு ஆண்டு கழித்து, தொகை முழுதும் பற்றி நிலம் மீண்டது என்று ஒரு குறிப்பு. எங்கள் குடும்பத்தில் காலங்காலமாகச் சொல்லிவந்த கதை வேறு. பெரிய தாத்தா ஒருவர் வந்து நின்றுதான் நிலத்தையும் வீட்டையும் காப்பாற்றினாராம். பத்திரத்தில் பெரிய தாத்தாவைக் காணோம். அவர் சாட்சிக் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

அவள் பெயரை இங்கே அச்சேற்ற ஆச்சி சம்மதிக்கவில்லை. முந்திப் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததாவது எமன் கண்ணுக்குப் படாமல் இருக்கட்டும் என்று வைக்கும் பெயர்களில் ஒன்று என்பது மட்டும் சொல்வேன். எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு அது எத்தகைய பெயர் என்று விளங்கும்.

இந்தக் கதையை நம் சங்கத்துக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு நண்பர் குறுக்கிட்டார். "பரம்பரை ஆராய்ச்சி என்பது சாதிப் பெருமைக்கு எரு இடுகிற வேலை. இதை நம் ஏட்டில் எழுதாதே" என்றார். அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்று குலவரலாறு என்ற பெயரில் வெளிவரும் சிறு நூல்களைப் பாருங்கள். எந்தக் குலமும் கலப்பை பிடித்ததாகக் காணோம். எல்லோரும் செங்கோல் பிடித்தவர்களே! மூவேந்தருக்கு இத்தனை வாரிசுகள் இருந்திருந்தால் குடிமக்களாக யார்தான் இருந்தார்கள்? வரி கட்டியது யார்?

ஆனால், நண்பர்களே, அப்படிப்பட்ட நூலை எழுதுகிறவர் தம் கொள்ளுப் பாட்டியைத் தேடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கீழிருந்து மேலே போகிறவனுக்கு அரசன் அகப்படுவது அரிது. அகப்படுவன ஒற்றியும் கடனும், தாது வருடப் பஞ்சத்தில் ஊர் மாறியதும், கொள்ளை நோயில் ஒரே வாரத்தில் மூவர் போனதும்தான். மேலே போகப் போக ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆள் இரட்டிக்கிறது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவனுக்கு ஆயிரத்திருபத்துநான்கு முன்னோர் இடங்கள். அத்தனை பேரும் ஒரே யோக்கியதையில் இருந்தார்கள் என்று நம்புகிறவன் கணக்குப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆண்வழி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுவதால்தான் பெருமைக்கு இடம் உண்டாகிறது.

நண்பரின் கேள்வியில் இதைவிடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. பத்திரம் உள்ளவன் பாட்டியைக் கண்டுபிடித்தான். நிலமே இல்லாதவன் எங்கே போவான்? தமிழ்நாட்டில் ஆளை விற்று ஓலை எழுதிக் கொடுத்த காலம் இருந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களின் 'தமிழகத்தில் அடிமை முறை' என்ற நூலைப் படித்தவர்களுக்கு அது தெரியும். ஆங்கிலேய அரசு 1843இல்தான் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது. அத்தகைய ஓலைகளில் இருக்கும் பெயர்களும் பெயர்கள்தாம். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள் பல ஏழைக் குடும்பங்களுக்குப் பஹி போலப் பயன்படும். ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அந்த மிஷன்கள் எழுதிவைத்த அளவுக்கு ஏழையின் பெயரை வேறு யார் எழுதிவைத்தார்கள்?

இன்னும் ஒரு விந்தை. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஆடுமாட்டுக்குச் சூடு போடுவது போன்ற எழுத்துத்தான் அது, அன்பால் எழுதியதன்று. ஆயினும், அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து பேரன் பேத்திகள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். கிராமத்தின் பெயரைத் துரைமார் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் ஊர் ஊராக அலைகிறார்கள். மொரீஷியஸ் தீவில், மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இத்தகைய ஏடுகள் நிழற்படங்களோடு இருக்கின்றன. அடிமைபோல் கடல் கடந்தவளின் முகத்தை அவள் பேத்தி பார்க்க முடிகிறது. ஊரிலேயே இருந்தவளின் பெயரை நான் ஒரு கடன் பத்திரத்தில் தேட வேண்டியிருந்தது.

இனி, வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டை விற்கப்போகிறார்கள்.

பங்காளிகள் மூன்று பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில். என் தகப்பனார் ஓய்வுபெற்று நாகர்கோவிலில் இருக்கிறார். வீட்டில் ஆச்சி மட்டும். போன மழையில் அடுக்களைச் சுவர் ஒரு பக்கம் சரிந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி மூன்று ஊர் அலைந்தும் கிடைக்கவில்லை, சிமெண்டைப் பூசினார்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. வாங்குகிறவர் இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவாராம். அவர் வருமுன்னே மரவியாபாரி வந்து நிலைக்கதவுக்கும் தூண்களுக்கும் விலை பேசிப் போயிருக்கிறார்.

"விற்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தில்லியில் உட்கார்ந்து படிக்கும் நான், நாளை வேலை என்று எங்கே போவேனோ தெரியாத நான், எந்த முகத்தோடு சொல்வேன்? குடியிருக்க ஆள் இல்லாத வீட்டைக் கறையானுக்குக் கொடுப்பதைவிட விற்பது மேல் என்று பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பண்பாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் கோபப்படுகிறார்கள். ஓடு மாற்றிப் பார்த்தவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

சட்டம் இதற்கு உதவாது. 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் 1966இல் நம் மாநிலம் இயற்றிய சட்டமும் காப்பவை கோயில், கோட்டை, குடைவரை, கல்வெட்டு ஆகியவற்றையே. இந்தியா முழுவதிலும் நடுவணரசின் காப்பில் உள்ளவை நாலாயிரத்துக்கும் குறைவு. இத்தனை பெரிய தேசத்தில் அது எம்மாத்திரம்? மரபுச் சின்னங்களுக்கென்றே ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012இல் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அதே 2012இல்தான் திருவல்லிக்கேணியில் 'தியாகராச விலாசம்' இடிபட்டது. யாருடைய வீடு அது? கறையான் வாயிலிருந்து ஏடுகளைப் பிடுங்கித் தமிழுக்குத் தந்த உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த வீடு! அவருக்கே அந்தக் கதி என்றால் பொருநைக் கரைத் தார்சாவுக்கு யார் வருவார்? வந்தால் காப்பாற்றலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். சிலர் வழக்காடினர், 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாதென்றது. காசியில் அனுமன் கட்டத்தில் பாரதி இளமையில் தங்கியிருந்த வீட்டின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 2022இல் நினைவிடமாக்கியது. பாரதி இருந்த வீடு என்பதால் அது தப்பியது. என் கொள்ளுப் பாட்டி பாட்டு எழுதவில்லை.

செட்டிநாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. அங்கே ஒன்பது நகரக் கோயில்களில் ஒவ்வொரு திருமணமும் பதிவாகிறது. மணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி. தலைமுறைக் கணக்கைப் பேணுவதில் அவர்களுக்கு நிகர் நம் நாட்டில் சிலரே. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலிலும் ஏறின. அப்படியிருந்தும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் அடுக்கிக் கிடக்கின்றன. ஏடு இருந்தது, வீடு போயிற்று. ஒரு வீட்டுக்கு நாற்பது, ஐம்பது பங்காளிகள் இருந்தால் ஓடு மாற்றக் காசு யார் கொடுப்பது என்பதே முடியாத வழக்காகிவிடும்.

ஆகவே என் எண்ணம் இதுதான். வீட்டைக் காக்க எல்லோராலும் ஆகாது. வீட்டை எழுதிவைக்க எல்லோராலும் ஆகும். பட்டாசலின் நீள அகலம் என்ன, பனங்கை எத்தனை, மாடக்குழி எந்தச் சுவரில், பேறுகாலம் பார்த்த அறை எது, தீட்டென்று பெண்களை உட்கார வைத்த மூலை எது, பண்ணையாளை எந்தக் கோட்டோடு நிறுத்தினார்கள் — எல்லாவற்றையும் எழுத வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு எழுதினால் நண்பர் சொன்ன சாதிப் பெருமைதான் மிஞ்சும். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவர்கள் அந்தத் திண்ணையைப் பூசிய கையுடையவர்கள். அவர்கள் பேரனைக் கேட்டால் அந்த வீட்டைப் பற்றி வேறு கதை சொல்லுவான். அதையும் எழுத வேண்டும்.

நம் சங்கத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். விடுமுறைக்கு எல்லோரும் ஊர் போகிறோம். போய்ச் செய்வது என்ன? தூங்குகிறோம், தீனி தின்கிறோம், ஊர்வம்பு கேட்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள மிக மூத்த பெண்ணின் அருகில் இரண்டு மாலைப்பொழுது உட்காரலாம். ஆண்களைக் கேட்டால் நிலமும் வழக்கும் சொல்லுவார்கள். பெண்களைக் கேட்டால்தான் யார் யாருக்குப் பிறந்தார் என்பது விளங்கும். பெயரைக் கேட்டால் சொல்லமாட்டார்கள்; 'அவரை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்?' என்று கேளுங்கள், வந்துவிடும். இது பட்டறிவு. பிறகு தகரப்பெட்டி. தாய்ப்பத்திரம் இருந்தால் அதிலுள்ள நான்கெல்லையையும் படியெடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பெயர்களும் கிடைக்கும். இல்லாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கலாம். மானிய நிலம் இருந்த குடும்பங்களுக்கு 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. கைப்பேசியில் படம் பிடிப்பது நல்லதே. ஆனால் படத்தில் பெயர் இராது, காகிதத்திலும் எழுதுங்கள். ஒரு பிரதியை நம் சங்க அலமாரியில் வைக்கலாம். நம் நிர்வாகக் குழுவினர் பழைய கேரம் பலகையை அகற்றி இடம் கொடுப்பார்களானால் நாற்பது நோட்டுக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு.

எங்கள் வீட்டுக் கிரயம் தை மாதம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். மார்கழி விடுமுறைக்கு நான் போய் அளக்க வேண்டும். நூறடி நாடா ஒன்று வாங்கிவிட்டேன். அதன் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தானே வருவதாகக் கர்னால் நண்பன் சொல்லிவிட்டான். ஆச்சிக்குச் சொன்னேன். அவளுக்கு அளவைப் பற்றியோ ஆராய்ச்சியைப் பற்றியோ கவலை இல்லை. "வடக்கத்திப் பிள்ளையில்லாய்யா, எனக்குச் சப்பாத்தி சுட வராதே. இடியாப்பம் திங்குமா?" என்று கேட்கிறாள்.